கிரகணக் கணிதமும் யாழ்ப்பாணத்து அறிவார்வமும்

ஆண்டுதோறும் சித்திரை மாதம் நெருங்கும்போது ஈழத்துத் தமிழர் இல்லங்களில் ஒரு வினா எழுவது வழக்கம். வருடம் எத்தனை மணிக்குப் பிறக்கின்றது என்பதே அவ்வினா. அதற்கு விடை ஒன்றன்று, இரண்டு. வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரத்தைக் கூறும். திருக்கணித பஞ்சாங்கம் வேறொரு நேரத்தைக் கூறும். மருத்துநீர் வைத்து நீராடுதற்குரிய புண்ணிய காலமும் அவற்றுக்கேற்ப வேறுபடும். வானம் ஒன்று, ஞாயிறும் ஒன்று, கணக்குகள் மட்டும் இரண்டு.

இவ்விரு கணக்குகளுக்கும் பின்னால் நீண்டதொரு வரலாறு உண்டு. அது கணித வரலாறு மட்டுமன்று, மனிதரின் அறிவார்வத்தின் வரலாறுமாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வானத்தை அளக்க முயன்றவர்களுள் எவருக்கும் பெரிய வானோக்கு நிலையம் வாய்த்ததில்லை. ஒருவர் பஞ்சாங்கம் கணித்த புலவர். மற்றொருவர் கடல் கடந்து வந்த சமயப் போதகர். இன்னொருவர் கல்லூரி ஆசிரியர். எனினும் விண்ணிலே நிகழ்வது யாது, அதனை முன்கூட்டியே சொல்ல இயலுமா, சொன்னது பலித்ததா என்னும் வினாக்கள் அவர்களை விட்டபாடில்லை. அவ்வார்வம் கடுமையான சோதனைக்கு உள்ளான ஓர் இரவை இவ்வுரையின் நடுநாயகமாகக் கொள்ளலாம்.

வான நூற் பயிற்சி ஈழத்துத் தமிழர்க்குப் புதியதன்று. 1310ஆம் ஆண்டிலே தம்பதெனியா அரசவையில் போசராச பண்டிதர் சரசோதிமாலை என்னும் சோதிட நூலை அரங்கேற்றினார். யாழ்ப்பாண அரசர் காலத்தில் செகராசசேகரமாலை தோன்றிற்று. வட்டுக்கோட்டைக்கு அயலிலுள்ள அராலி என்னும் ஊர் பஞ்சாங்கக் கணிதத்துக்குப் பேர்பெற்று விளங்கியது. பதினேழாம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த இராமலிங்க முனிவர் பஞ்சாங்கம் கணித்தார் என்பது குடாநாட்டில் வழங்கும் மரபு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூரில் அப்பணியைச் செய்தவர் விசுவநாத சாஸ்திரியார். வண்ணைக் குறவஞ்சி, நகுலமலைக் குறவஞ்சி என்பவற்றைப் பாடிய புலவர் என்றும் அவரை இலக்கிய வரலாறு போற்றும்.

அக்காலத்துப் பஞ்சாங்கக் கணிதர் எவ்வாறு கணக்கிட்டனர் என்பதை அறிந்தாலன்றி அவர்தம் ஆற்றலும் விளங்காது, அவ்வாற்றலின் எல்லையும் விளங்காது. அவர்கள் கைக்கொண்டது வாக்கிய முறை. சந்திரன் வானில் ஒரே வேகத்துடன் செல்வதில்லை. பூமிக்கு அண்மையில் வரும்போது விரைந்தும், தொலைவில் நிற்கும்போது தயங்கியும் செல்கின்றது. தொலைவிலிருந்து அண்மைக்கு வந்து மீண்டும் தொலைவை அடைவதற்கு ஏறத்தாழ 27½ நாள் ஆகும். இத்தகைய ஒன்பது சுற்றுகள் சேர்ந்தால் 248 நாள். ஆகவே, 248 நாளுக்கும் சந்திரன் நாடோறும் செல்லும் தூரத்தைக் கணித்து, நாளொன்றுக்கு ஒரு வாக்கியமாக 248 வாக்கியங்களை அமைத்தனர் முன்னோர். வாக்கியத்திலுள்ள ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்ணைக் குறிக்கும். முதல் வாக்கியத்தை எண்ணாக மாற்றினால் 12 பாகை 3 கலை என்று வரும். அதுவே முதல் நாளிற் சந்திரன் சென்ற தூரம். பொருளுள்ள சொற்றொடர் போல மனப்பாடம் செய்யத்தக்க இவ்வாக்கியங்களே ஓர் அட்டவணை நூலின் பணியைச் செய்தன.

ஒன்பது சுற்றுகள் என்பது சரியாக 248 நாளன்று. அதிற் சுமார் 13 நிமிடம் குறைவு. இக்குறை சேர்ந்து பெருகுமென்பதையும் முன்னோர் அறிந்திருந்தனர். அதனாலேயே 110 சுற்றுகள் கொண்ட 3031 நாள் வட்டத்தையும், 449 சுற்றுகள் கொண்ட 12372 நாள் வட்டத்தையும் வகுத்துக் கணக்கைச் செப்பஞ் செய்தனர். கையிலே கருவியின்றி, காகிதமின்றி, நினைவையே துணையாகக் கொண்டு இத்தகைய நுட்பத்தை எட்டியவர்களை அறியாதவர் என்று எவரும் சொல்லத் துணியார்.

இம்முறையை நேரிற் கண்டு வியந்த மேனாட்டார் இருவர் விட்டுச் சென்ற செய்திகள் இங்குக் கருதத்தக்கவை. பிரெஞ்சு வானியலறிஞர் லெ ஜென்தீல், வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்து செல்லும் காட்சியைக் காண்பதற்காகப் புதுச்சேரிக்கு வந்தார். 1769ஆம் ஆண்டில் அக்காட்சி நிகழ்ந்தபோது முகில் மறைத்துவிட்டது. ஆனால், தமிழர் கிரகணம் கணிக்கும் முறையை அங்கே அவர் கற்றுக்கொண்டார். 1765ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 30ஆந் திகதி நிகழ்ந்த சந்திர கிரகணத்தை எடுத்து ஒப்பிட்டார். கிரகணம் நீடித்த நேரத்தைத் தமிழ்க் கணிதம் 41 செக்கன் குறைத்துச் சொல்லியிருந்தது. அக்காலத்து ஐரோப்பாவிற் புகழ்பெற்று விளங்கிய தோபியாஸ் மேயரின் அட்டவணையோ 68 செக்கன் கூட்டிச் சொல்லியிருந்தது. அன்றைய போட்டியில் வென்றது தமிழ்க் கணிதமே.

அறுபது ஆண்டுகள் கழிந்தன. சென்னை வானோக்கு நிலையத்தில் முன்னர்ப் பணியாற்றிய ஜோன் வாரன் என்பார், தென்னிந்தியரின் காலக் கணக்குகளை ஆராய்ந்து கால சங்கலித என்னும் பெருநூலை 1825ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவருக்குக் கணிதங் காட்டியவர் புதுச்சேரியைச் சேர்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர். தரையிலே சோகிகளைப் பரப்பி, மனத்திலுள்ள வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லி அவற்றை நகர்த்தி, 1825ஆம் ஆண்டு மே 31க்கும் ஜூன் 1க்கும் இடைப்பட்ட இரவில் நிகழ்ந்த கிரகணத்தை அவர் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்திற் பிழை 4 நிமிடமே. ஆனால் நடு நேரத்தில் 23 நிமிடமும் முடிவு நேரத்தில் 52 நிமிடமும் பிழை காணப்பட்டது. கணிதத்தின் அடிப்படைக் கொள்கை யாது என்பதை அக்கணிதர் அறிந்திருக்கவில்லை என்றும், அவருடைய நினைவாற்றல் வியக்கத்தக்கது என்றும் வாரன் எழுதினார்.

ஒரே மரபு, ஒரு முறை 41 செக்கன், மற்றொரு முறை 52 நிமிடம். இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். கணக்குத் தான் சரியாயிருப்பது எப்போது, பிழைத்திருப்பது எப்போது என்பதைத் தானே சொல்லாது. அதனைச் சொல்லவல்லது வானம் ஒன்றே. வானத்தைக் கேளாத கணக்கு, சரியாக வரும்போதும் தற்செயலாகவே சரியாக வருகின்றது.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். அமெரிக்க மிசனரிமார் 1816ஆம் ஆண்டில் இங்கு வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலைகொண்டனர். அவர்களுள் ஒருவர் டானியல் பூவர். அவர் தொழிலாற் சமயப் போதகர். அறிவார்வத்தால் கணிதத்திலும் வான நூலிலும் ஈடுபட்டவர். 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக்கென ஒரு செமினரி நிறுவப்பட்டபோது அவரே அதன் முதல் அதிபரானார். அங்கே தமிழும் ஆங்கிலமும் கற்பிக்கப்பட்டன. அவற்றோடு கேத்திர கணிதம், இயற்கணிதம், இயற்பியல், வானியல் ஆகியனவும் கற்பிக்கப்பட்டன. மாணவர் பெரும்பாலும் அயலூர்ச் சைவக் குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களுட் பலருக்குப் பொருளுதவி புரிந்த அமெரிக்கக் கொடையாளரின் பெயரே புதுப் பெயராகச் சூட்டப்பட்டது. ஒரு சிறுவன் வீட்டிலே பஞ்சாங்கத்தின்படி நாளும் கோளும் பார்க்கக் கண்டான்; பள்ளியிலே பூமி ஞாயிற்றைச் சுற்றுகின்றது என்று கற்றான். இரண்டுக்குமிடையே அவன் மனம் எவ்வாறு தவித்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இத்தவிப்பைத் தீர்ப்பதற்கு ஒரு வாய்ப்பு 1829ஆம் ஆண்டிலே வந்தது. அவ்வாண்டு மார்ச் மாதம் 20ஆந் திகதி இரவு சந்திர கிரகணம் நிகழும் என்று விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் குறித்திருந்தது. பூவர் தாமும் அக்கிரகணத்தைக் கணித்துப் பார்த்தார். இரு கணக்குகளும் கிரகணம் உண்டென்பதில் ஒத்திருந்தன. ஆனால் அது தொடங்கும் நேரம், நீடிக்கும் நேரம், சந்திரனில் மறைபடும் பகுதியின் அளவு ஆகிய மூன்றிலும் வேறுபட்டன. செய்தி பரவிற்று. பரம்பரை பரம்பரையாகக் கணித்துவரும் அராலிக் குடும்பத்தின் கணக்கை அந்நியர் ஒருவர் மறுப்பதா என்று கற்றோர் பலர் எண்ணினர். மிசனரிமார் பிழைபட்டு வெட்கமடைவர் என்று எதிர்பார்த்தோரும் உளர்.

இத்தகைய போட்டிக்குச் சந்திர கிரகணத்தைவிடத் தகுந்த நடுவர் வேறில்லை. நிறைமதி நாளிற் பூமியின் நிழலுட் சந்திரன் புகுவதே கிரகணம். சந்திரனின் பாதை ஞாயிற்றின் பாதையோடு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருக்கின்றது. அவ்விரு பாதைகளும் வெட்டும் புள்ளிகளையே இராகு, கேது என்று கணிதர் வழங்கினர். நிறைமதி அப்புள்ளிகளுக்கு அண்மையில் நேர்ந்தால் மட்டும் கிரகணம் உண்டாகும். சந்திரன் பூமியின் நிழலைக் கடக்கும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 30 கலை. ஆகவே, சந்திரனின் இடத்தைக் கணிப்பதில் ஒரு கலை பிழைத்தாலும் நேரம் 2 நிமிடம் பிழைத்துவிடும். 10 கலை என்பது மிகச் சிறிய அளவு. நிறைமதியின் விட்டத்தில் மூன்றிலொரு பங்கு. ஆயினும் அதனால் விளையும் பிழை 20 நிமிடம். சந்திரனின் விட்டத்தைப் பன்னிரண்டு கூறிட்டு அக்கூற்றை அங்குலம் என்பது கிரகணக் கணித வழக்கு. ஓர் அங்குலம் ஏறத்தாழ 2½ கலை. எனவே, வடக்குத் தெற்காகச் சந்திரனின் இடம் சிறிது பிழைத்தாலும் மறைப்பின் அளவு அங்குலக் கணக்கில் மாறிவிடும். மறைப்பு மாறினால் அது நீடிக்கும் நேரமும் மாறும். நுண்ணிய பிழைகளையும் பெரிதாக்கிக் காட்டும் உருப்பெருக்கி போன்றது கிரகணம்.

அதுமட்டுமன்று. அந்நடுவரின் தீர்ப்பைக் கேட்பதற்குப் பெருங் கருவி எதுவும் வேண்டியதில்லை. வெறுங்கண்ணும் ஒரு கடிகாரமும் போதும். வட்டுக்கோட்டையில் தொலைநோக்கியின் அருகே நின்றவர் கண்டதையே அராலியில் முற்றத்திலே நின்ற முதியவரும் கண்டார். இதில் மறைப்பதற்கும் திரிப்பதற்கும் இடமில்லை.

குறித்த இரவு வந்தது. சந்திரன் பூவரின் கணக்குப்படியே நிழலுட் புகுந்து வெளிப்பட்டது. பஞ்சாங்கம் சொன்ன நேரம் பொருந்தவில்லை. இருபதாண்டுகளுக்குப் பின்னர் இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் 1850ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலும் இந்நிகழ்ச்சி இடம்பெற்றது. அத்தகைய நீண்ட நினைவை அது குடாநாட்டில் விட்டுச் சென்றது.

அவ்விரவின் பொருள் யாது என்பதிலேதான் பின்னர்க் கருத்து வேறுபாடு எழுந்தது. மிசனரிமார் அதனைத் தம் சமயத்துக்குக் கிடைத்த வெற்றியாகக் காட்டினர். இராகு என்னும் பாம்பு திங்களை விழுங்குகின்றது என்ற கதை பொய்த்தது. ஆகவே புராணங்கள் யாவும் பொய்த்தன என்று வாதாடினர். சைவ நன்மக்கள் பலர் அதனைத் தம் மரபுக்கு நேர்ந்த இழிவாகக் கருதி மனம் வருந்தினர். இரு சாராரும் உண்மையை முற்றாகக் காணவில்லை என்றே சொல்ல வேண்டும்.

சாஸ்திரியார் பாம்பை நம்பிக் கணித்தவரல்லர். பூமியின் நிழலே சந்திரனை மறைக்கின்றது என்பதை 499ஆம் ஆண்டளவிலே ஆரியபட்டர் எழுதிவைத்தார். சித்தாந்தக் கணிதம் முழுவதும் அக்கொள்கையின்மேலே எழுந்தது. பாதைகள் வெட்டும் புள்ளியையன்றிப் பாம்பின் வாயை எந்தப் பஞ்சாங்கக் கணிதரும் அளந்ததில்லை. எனவே அவ்விரவிலே தோற்றது புராணமன்று, தமிழ் இனமுமன்று, ஓர் அட்டவணை மட்டுமே.

அவ்வாறே, வென்றவர் பூவர் என்பதும் முழு உண்மையன்று. அவர் கையாண்ட அட்டவணைகளும் அவரால் ஆக்கப்பட்டவையல்ல. சாஸ்திரியார் முன்னோரின் வாக்கியங்களைக் கொண்டு கணித்தார்; பூவர் ஐரோப்பிய வானியலாரின் எண்களைக் கொண்டு கணித்தார். இருவரும் பிறர் கொடுத்த எண்களையே கூட்டிக் கழித்தனர். வேறுபாடு ஒன்றே. ஒரு சாராரின் எண்கள் வானோக்கு நிலையங்களில் இரவுதோறும் வானத்தோடு ஒப்பிடப்பட்டுத் திருத்தம் பெற்றுக்கொண்டிருந்தன. 1765இல் 68 செக்கன் பிழைத்த அட்டவணையை அவர்கள் அவ்வாறே விட்டுவிடவில்லை, திருத்தினர். மறு சாராரின் வாக்கியங்களோ பல நூற்றாண்டுகளாகத் திருத்தப்படாமல், பழுதின்றி மனப்பாடம் மட்டும் செய்யப்பட்டு வந்தன. நினைவு கெடாமற் காத்தது அவர்தம் பெருமை. வானத்தைக் கேட்டுத் திருத்தாமல் விட்டது அவர்தம் குறை.

அத்திருத்தம் நம் மரபுக்குப் புறம்பானதா எனின், அன்று. 683ஆம் ஆண்டளவில் ஹரிதத்தர் பழைய கணிதத்தைத் திருத்திப் பரகிதம் என்னும் முறையை அமைத்தார். பரகிதமும் நாளடைவில் வானத்தோடு பொருந்தாமற் போயிற்று. அப்போது கேரளத்துப் பரமேசுவரர் பல்லாண்டுகள் கிரகணங்களைக் கண்ணாற் கண்டு குறித்துவைத்து, 1431ஆம் ஆண்டிலே திருக்கணிதம் என்னும் புதிய முறையை வகுத்தார். திருக் என்பதற்குக் காட்சி என்பது பொருள். காட்சியோடு ஒத்த கணிதமே திருக்கணிதம். ஆகவே 1829ஆம் ஆண்டு இரவு யாழ்ப்பாணத்துக்கு உணர்த்தியது புதியதொரு பாடமன்று. மறந்துபோன பழைய பாடமே.

அப்பாடத்தை உணர்ந்தவர்கள் வட்டுக்கோட்டையில் இருந்தனர். பூவருக்குப் பின் செமினரியின் அதிபரான ஹொய்சிங்டன் இந்து வானியலை இகழ்ந்து ஒதுக்கவில்லை, அதனைக் கற்றார். கற்றதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து விளக்கக் குறிப்புகளுடன் கீழைத்தேய வானியலாளன் என்று பொருள்படும் பெயருடைய ஒரு நூலாக 1848ஆம் ஆண்டில் அமெரிக்க மிசன் அச்சகத்தில் வெளியிட்டார். மறுப்பதற்காகத் தொடங்கிய கல்வி, மதிப்பாக மாறிய காட்சியை அந்நூலிற் காணலாம். 1841ஆம் ஆண்டில் உதயதாரகை என்னும் பத்திரிகை தோன்றிற்று. செமினரியிற் கற்ற ஹென்றி மாட்டினும் சேத் பேசனும் அதன் ஆசிரியர்களாயிருந்தனர். வானியலும் பௌதிகமும் தமிழ் உரைநடையில் வீட்டுத் திண்ணைவரை வந்து சேர்ந்தன.

அவ்வாறு வந்தவற்றைத் தமிழாகவே ஆக்கிக்கொண்டவர்களுட் கறல் விசுவநாதபிள்ளை குறிப்பிடத்தக்கவர். செமினரியிற் பயின்று அங்கேயே ஆசிரியரான அவர், 1855ஆம் ஆண்டில் வீசகணிதம் என்ற இயற்கணித நூலைத் தமிழில் வெளியிட்டார். அறியாத ஒன்றுக்கு ஒரு குறியீட்டை இட்டு, அறிந்தவற்றைக் கொண்டு அதனைக் கண்டுபிடிக்கும் கலையைத் தமிழ் மாணவன் தன் தாய்மொழியிலே கற்பதற்கு அது வழி செய்தது. 1857ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் இச்செமினரியின் மாணவர்களே. ஒருவர் அக்கறல் விசுவநாதபிள்ளை. மற்றவர் பிற்காலத்திலே பழந்தமிழ் ஏடுகளைத் தேடிப் பதிப்பித்துப் புகழ்கொண்ட சி. வை. தாமோதரம்பிள்ளை. பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் ஆராய்ந்து பிழை களையும் பதிப்பாசிரியனின் பொறுமைக்கும், பல கணக்குகளை ஒப்பிட்டுப் பிழை காணும் கணிதனின் பொறுமைக்கும் வேறுபாடு அதிகமில்லை.

ஆனால் வீசகணிதம் வெளிவந்த அவ்வாண்டிலேயே செமினரி மூடப்பட்டது. உயர்கல்விக்குச் செலவிடும் பொருளைச் சமயப் பரப்புரைக்குச் செலவிடுதலே தக்கது என்று அமெரிக்காவிலிருந்த தலைமைச் சங்கத்தார் கருதினர். டானியல் பூவர் அவ்வாண்டின் தொடக்கத்திலே மானிப்பாயிற் கொள்ளை நோயால் மறைந்தார். முப்பத்திரண்டு ஆண்டுகள் எரிந்த விளக்கு அணைந்தது. 1872ஆம் ஆண்டில் அவ்விடத்திலே யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கப்படும்வரை வட்டுக்கோட்டை இருண்டே கிடந்தது எனலாம்.

இதற்கிடையில் பஞ்சாங்கத் திருத்தம் தமிழகத்திலே நிகழ்ந்தது. அதனைச் செய்தவர் அந்நியருமல்லர். பஞ்சாங்கக் கணிதர் மரபில் வந்த சிந்தாமணி இரகுநாதாசாரியார் சென்னை வானோக்கு நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். பகலிலே கணிதமும் இரவிலே நோக்கும் அவர் பணி. ஒளி மாறும் விண்மீன் ஒன்றை 1867ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். தாம் கண்ட வானத்துக்கும் தம் முன்னோர் பஞ்சாங்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு, புதிய எண்களைக் கொண்டு திருக்கணித பஞ்சாங்கத்தை வெளியிடலானார். 1874ஆம் ஆண்டு வெள்ளி சூரியனைக் கடக்கவிருந்தபோது, அதனைப் பொதுமக்களுக்கு விளக்கும் சிறு நூலொன்றை இந்திய மொழிகள் சிலவற்றில் வெளியிட்டார். ஒரே மனிதருள் அராலியும் வட்டுக்கோட்டையும் சமாதானம் செய்துகொண்டன என்று இதனைச் சொல்லலாம்.

யாழ்ப்பாணத்திலும் அத்தகைய ஒருவர் தோன்றினார். அவர் 1865ஆம் ஆண்டிலே காரைநகரிற் பிறந்த அலன் ஆபிரகாம். யாழ்ப்பாணக் கல்லூரியில் ஆசிரியப் பணி புரிந்தவர். கணிதம், தமிழ் இரண்டிலும் வல்லவர். வானியலை அவருக்கு ஊதியந் தந்து செய்வித்தவர் எவருமில்லை. பாடசாலை முடிந்தபின் எஞ்சிய நேரமும், குடாநாட்டின் மலையில்லாத அகன்ற வானமும், தீராத ஆர்வமுமே அவர் கொண்ட மூலதனம்.

1910ஆம் ஆண்டிலே ஹாலியின் வால்வெள்ளி வந்தது. அவ்வால்வெள்ளி 1758ஆம் ஆண்டிலே திரும்ப வரும் என்று எட்மண்ட் ஹாலி முன்னுரைத்து, அவர் மறைந்தபின் அவ்வாறே வந்தமையால் அதற்கு அப்பெயர் ஏற்பட்டது. 1910 ஏப்பிரல் 20ஆந் திகதி அது ஞாயிற்றுக்கு மிக அண்மையில் வந்தது. மே மாதத்து விடியற்காலங்களில் கீழ்வானில் நீண்ட வாலோடு தோன்றிற்று. வாலிலே நச்சு வாயு இருப்பதாக நிறமாலை ஆராய்ச்சியாற் கண்டறிந்த செய்தி வெளியானதும் உலகெங்கும் அச்சம் பரவிற்று. தீமைக்கு அறிகுறி என்ற பழைய அச்சமும் அதனோடு சேர்ந்துகொண்டது. அவ்வேளையில் ஆபிரகாம் வால்வெள்ளியை நோக்கிக் கணித்ததோடு, அதன் இயல்பைத் தமிழிலே எழுதி மக்களுக்கு விளக்கினார். அது வரும் வழி இது, போகும் வழி இது, அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை என்று தம் மொழியிலே ஒருவர் எடுத்துச் சொல்லும்போது உண்டாகும் தெளிவு வேறெதனாலும் உண்டாகாது. இங்கிலாந்திலுள்ள அரச வானியற் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்தது. 1922ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

சாஸ்திரியார், பூவர், விசுவநாதபிள்ளை, ஆபிரகாம் என்னும் இந்நால்வரையும் ஒரே வரிசையில் வைத்து நோக்கும்போது ஒன்று தெளிவாகின்றது. சமயத்தாலும் கல்வியாலும் அவர்கள் வேறுபட்டவர்கள். எனினும் தாம் சொன்னதை நாளும் நேரமும் குறித்து ஊரறியச் சொல்லிவைக்கும் துணிவு கிரகணக் கணிதர் இருவருக்கும் பொதுவாயிருந்தது. பொத்தாம்பொதுவாகப் பேசுபவர் ஒருநாளும் தோற்பதில்லை. அவரால் அறிவு வளர்வதுமில்லை. மார்ச் 20ஆந் திகதி இன்ன நாழிகையில் என்று எழுதிவைத்த சாஸ்திரியார் தோற்றார். அவ்வாறு தோற்கத்தக்க வகையில் திட்டமாக எழுதியமையாலேயே அவர் கணிதம் பரிசோதிக்கத்தக்க அறிவாயிற்று. அத்தோல்வியையும் ஒரு கொடையாகவே கொள்ள வேண்டும்.

இன்று கணிதம் எளிதாகிவிட்டது. பல நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் நிகழவிருக்கும் கிரகணத்தையும் சில நொடிகளிற் கணித்துத் தரும் பொறிகள் உள்ளன. ஆனால் அவற்றின் விடையை அவ்வாறே ஏற்பவருக்கும், வாக்கியத்தை அவ்வாறே மனப்பாடம் செய்தவருக்கும் வேறுபாடு யாது? 2010ஆம் ஆண்டு ஜனவரி 15ஆந் திகதியும், 2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதியும் கங்கணச் சூரிய கிரகணம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீது சென்றது. ஞாயிறு ஒளி வளையமாகத் தோன்றிய அக்காட்சியை மாணவர் பலர் தக்க பாதுகாப்புடன் கண்டனர். அவர்களுட் கடிகாரத்தைக் கையிற் கொண்டு, தொட்ட நேரத்தையும் விட்ட நேரத்தையும் ஏட்டிலே குறித்து, சொல்லப்பட்ட நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த மாணவன் ஒருவன் இருந்தானாயின், பரமேசுவரரின் மரபும் இரகுநாதாசாரியாரின் மரபும் அவனிடத்தே வந்து சேர்ந்தன என்று துணிந்து கூறலாம்.

சந்திர கிரகணங்கள் அடிக்கடி வருகின்றன. அவற்றைக் காண்பதற்குக் கண்ணாடி வேண்டுவதில்லை, பொருட்செலவில்லை. வாக்கிய பஞ்சாங்கத்தில் ஒரு நேரம், திருக்கணித பஞ்சாங்கத்தில் ஒரு நேரம் என்று குறிப்பிடப்பட்டிருக்குமாயின், எது சரி என்று முதியோரை வினாவித் திரிய வேண்டியதில்லை. முற்றத்துக்கு வந்து அண்ணாந்து நோக்கினாற் போதும். ஹாலியின் வால்வெள்ளியும் 2061ஆம் ஆண்டிலே திரும்ப வரும். இன்று பள்ளியிற் பயிலும் சிறுவர் பலர் அதனைக் காணும் பேறு பெறுவர். அப்போது அதனைத் தமிழிலே எடுத்து விளக்குதற்குக் குடாநாட்டில் ஓர் ஆசிரியர் இருத்தல் வேண்டும். அவரை உருவாக்கும் பொறுப்பு இன்றைய பெற்றோருக்கும் பாடசாலைகளுக்கும் உரியது.